நீலப் பென்சில் கறை

மற்ற கணவன்மார்கள் பெண்டாட்டியைச் சந்தேகப்பட வேண்டுமென்றால் ஒரு கடிதமாவது கிடைக்க வேண்டும், இல்லை, பக்கத்து வீட்டுக்காரி வாயாவது திறக்க வேண்டும். மெர்ல் ஹாஸ்கெட்டுக்கு ஒரு பென்சில் கறை போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்டித் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் போட்டிருந்த வெள்ளைச் சட்டை சலவைக்காக நாற்காலி முதுகில் கிடந்தது. அதன் வலது கையின் ஓரத்தில், மணிக்கட்டு வருகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலமாக ஒரு தீற்றல். மெர்ல் காப்பியை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான். பென்சில் தூள்.

"சட்டையில என்ன இது?"

"எது?"

"இந்த நீலம்."

ஆர்டித் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பெயின்ட்டா இருக்கும். வானத்துக்கு அடிச்சது."

இருவரும் வேலை பார்க்கிற கார்ட்டூன் ஸ்டுடியோவில், படத்தின் வானத்துக்கு வண்ணம் அடிப்பவர்கள் வேறு கட்டடத்தில் இருக்கிறார்கள் என்பது மெர்லுக்குத் தெரியும். அது அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆறு வருடம் குடும்பம் நடத்தியவள் இத்தனை மோசமாகப் பொய் சொல்கிறாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்! ஸ்டுடியோவில் படம் வரைகிற முப்பது பேரில் மெர்ல் முதல் கோட்டைச் சிவப்பில் போடுவான். மற்றவர்கள் கறுப்பில் போடுவார்கள். நீலப் பென்சிலால் போடுகிறவன் ஒரே ஒருத்தன்தான். நீலப் பென்சில் பிடித்த கை இவள் மணிக்கட்டையும் பிடித்திருக்கிறது. வேறு எப்படி அங்கே நீலம் வரும்?

அந்த ஒருத்தன் நெல்ஸ் க்விஸ்ட். மின்னசோட்டாவிலிருந்து நான்கு வருடம் முன்னால் ஸ்டுடியோ இருக்கிற பர்பாங்குக்கு வந்தவன். ஆறடி மூன்றங்குல உயரம், எப்போதும் ஒரு சீட்டி, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. அவன்மேல் மெர்லுக்கு ஏற்கெனவே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஸ்டுடியோ மூன்று வருடமாக இரண்டு நாய்களின் காதல் கதையைப் படமாக வரைந்துகொண்டிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் வளர்கிற ஸ்மோக்கி என்ற ஆண் நாய், ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் வளர்கிற பேன்ஸி என்ற நீளக் காதுப் பெண் நாய். ஸ்மோக்கியை மெர்ல் வரைந்தான். பேன்ஸியை நெல்ஸ் வரைந்தான். பேன்ஸிதான் வேண்டும் என்று மெர்ல் வாய்விட்டுக் கேட்டிருந்தான்.

"உன் நாய்ங்க நல்லா ஓடும் மெர்ல்," என்றார் டைரக்டர் பாஸ்கம். "எனக்கு வெக்கப்படற நாய் வேணும்."

பன்னிரண்டு வருடமாக நாய் வரைகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? அந்த வாக்கியம் மீன்முள் மாதிரி அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வரைகிறவர்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. தங்கள் உயரத்துக்கு ஏற்றி இறக்கித் திருகிக்கொள்வார்கள். நாய் பயப்பட வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியில் தாங்கள் பயந்து பார்த்து, அந்த முகத்தை நாய்க்குப் போடுவார்கள். காலை பத்து மணிக்கு அந்த வராந்தாவில் நடந்தால் அறைக்கு அறை வளர்ந்த ஆண்கள் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டும் இருப்பார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. பிழைப்பு அது.

பெண்கள் நடைபாதைக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்கள். ஆண்கள் பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடி போன்ற தாளில் மையால் அப்படியே எடுப்பது அவர்கள் வேலை. பெண்கள் வரையக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டாத சட்டத்தைத்தான் யாரும் மீறுவதில்லையே. மை ஈஷாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை போடுவார்கள், பேனா பிடிக்கிற மூன்று விரலை மட்டும் வெட்டிவிட்டு. விரலெல்லாம் மை என்பதால் முகத்தில் முடி விழுந்தால் மணிக்கட்டால்தான் தள்ளுவார்கள்.

ஆர்டித் அதைத் தள்ளுகிற விதம் தனி. ஏழு வருடம் முன்னால், ஸ்டுடியோப் புல்வெளி மிளகு மரத்தடியில், சனிக்கிழமை நடனத்துக்கு வருகிறாயா என்று மெர்ல் கேட்டபோது அவள் முதலில் கீழே பார்த்தாள். அப்புறம் மணிக்கட்டால் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். அப்புறம் ஒரு கண்ணால் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அதிலேயே அவன் விழுந்துவிட்டான். உலகத்தில் தனக்கு மட்டுமே காட்டப்பட்ட காட்சி அது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கும் அது அதிகம் காணக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று மாதமாக அவள் மதியச் சாப்பாட்டுக்குப் புல்வெளிக்கும் வருவதில்லை. அவசர வேலை என்றாள். புதன்கிழமை மெர்ல் மையிடும் கட்டடத்து வாசலில் மேற்பார்வை பார்க்கும் திருமதி டல்லியைப் பிடித்தான்.

"மதியத்துல கூட வேலை வாங்கறீங்களாமே?"

"யாரு சொன்னா? மதியத்துல என் பொண்ணுங்க ஒரு கோடு போட்டா பேனாவைப் புடுங்கிடுவேன். ஓய்வு இல்லாத கை நடுங்கும்." டல்லி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். "உன் பொண்டாட்டி பன்னெண்டு அடிச்சா நடைபாதையைத் தாண்டி உங்க கட்டடத்துக்குத்தான் ஓடறா. உன்கூட சாப்பிடன்னுல்ல நெனச்சேன்?"

"ஆமா ஆமா, என்கூடத்தான்," என்றான் மெர்ல். அவமானம் காது நுனி வரைக்கும் சுட்டது.

வியாழக்கிழமை காலை வியர்வை அறையில் எல்லோரும் கூடினார்கள். பென்சில் படங்களை ஓட்டிப் பார்க்கிற சின்ன இருட்டறை அது. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் படம் ஓடும்போது வியர்க்கும் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு ஓடியது மழைக் காட்சி. நனைந்துபோன பேன்ஸி தீயணைப்பு வண்டிக்கு அடியில் ஒதுங்குகிறாள். அங்கே படுத்திருக்கும் ஸ்மோக்கி எழுந்து தன் உலர்ந்த கம்பளியைப் பல்லால் இழுத்து அவள் பக்கம் தள்ளுகிறான். மெர்லின் ஸ்மோக்கி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான்.

பேன்ஸியின் ஈரக் காது முகத்தில் விழுந்தது. அவள் கீழே பார்த்தாள். முன்னங்கால் மணிக்கட்டால் காதைப் பின்னால் தள்ளினாள். ஒரு கண்ணால் மட்டும் நிமிர்ந்து ஸ்மோக்கியைப் பார்த்தாள்.

பின்வரிசையில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். "மறுபடி ஓட்டு," என்றார் பாஸ்கம். மறுபடி ஓடியது. மறுபடியும் ஆர்டித் அவ்வளவு பேர் முன்னால் நாய்த்தோல் போட்டுக்கொண்டு வெட்கப்பட்டாள். இதைக் காட்டியிருக்கிறாள். நெல்ஸுக்குக் காட்டியிருக்கிறாள். பார்க்காதவன் இதை வரைய முடியுமா?

"இது நாய் இல்ல சார்," என்றான்.

"என்ன?"

"நாய் இல்ல, பொம்பள. காது முன்னால விழுந்தா நாய் தலையை உதறும். மணிக்கட்டால இப்படித் தள்ளாது. எலும்பு மடங்காது சார்."

எலும்பு என்ற சொல்லை அவன் சும்மா எடுக்கவில்லை. நாயின் எலும்பு செய்யாத எதையும் என் படத்து நாய் செய்யக் கூடாது என்பது பாஸ்கமின் வேதம். அதற்காகவே முற்றத்தில் நிஜமாக ஒரு நாயைக் கட்டி வளர்த்தார். அவர் முகம் விழுந்தது. ஆசையோடு வெள்ளைத் திரையை இன்னொரு தடவை பார்த்தார்.

"எலும்பு தப்புன்னா தப்புதான். தூக்கிடு. நெல்ஸ், நீ என்ன சொல்ற?"

நெல்ஸ் மெர்லைப் பார்த்தான். "நான் கேட்டுட்டுச் சொல்றேன் சார்," என்றான்.

"உன் படத்துக்கு நீ யாரைடா கேக்கணும்?" என்று யாரோ கத்த, அறையே சிரித்தது. மெர்லும் சிரித்தான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று மெர்ல் யோசித்திருக்கலாம். ஜெயித்தவன் எங்கே யோசிக்கிறான்?

அன்று சாயங்காலம் ஆர்டித் சாப்பிடவில்லை. கண் சிவந்திருந்தது. தட்டில் இருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். நெல்ஸுக்கு ஒன்று என்றால் இவளுக்கு ஏன் தொண்டையில் சோறு இறங்கவில்லை? மெர்லுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"நெல்ஸோட மழைக் காட்சி போச்சு, தெரியுமா?"

"கேள்விப்பட்டேன். நீதான் தூக்கச் சொன்னியாமே."

"எலும்பு தப்பு. சொன்னேன்."

"என்ன சொன்ன? சொன்னதை அப்படியே சொல்லு."

"நாய் இல்ல, பொம்பளன்னு சொன்னேன்."

ஆர்டித்தின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. சிரிப்பு மாதிரியும் இருந்தது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டாள். அவனை நினைத்துச் சிரிக்கிறாள் என்று மெர்ல் முடிவுகட்டினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்ததும் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று கிளம்பினான். வராந்தா ஜன்னல் வழியாகப் புல்வெளி தெரிந்தது. அங்கே நெல்ஸ், வாயில் சாண்ட்விச்சைக் கவ்விக்கொண்டு, நாலு பேரோடு தரையில் நட்ட குச்சியை நோக்கிக் குதிரை லாடம் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். எறிந்தது குச்சியில் மாட்டியதும் குதித்தான். கள்ளக் காதலன் செய்கிற காரியமா இது? மெர்ல் குழம்பிப்போய் நெல்ஸின் அறைக் கதவைத் தள்ளினான். உள்ளே யாருமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தான். ஆதாரம் ஏதாவது அகப்படும் என்று மேசையைப் பார்த்தான், கண்ணாடியையும் பார்த்தான். கண்ணாடியில் அவன் முகம் தெரியவில்லை. டை முடிச்சுதான் தெரிந்தது.

நெல்ஸ் அவனைவிட அரையடி உயரம். நெல்ஸ் உட்கார்ந்தால் இதில் சட்டைப் பொத்தான்தான் தெரியும். மெர்ல் மெல்லத் தலையைத் தாழ்த்தினான். ஒரு தலையளவு குனிந்த பிறகுதான் முகம் வந்தது. அந்த உயரம் யாருடையது என்று அவனுக்கு ஒருத்தர் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடமாக அவன் தாடைக்குக் கீழே நிற்கிற உயரம் அது.

நீலப் பென்சில்களுக்குப் பக்கத்தில் மூன்று விரல் வெட்டிய வெள்ளைக் கையுறை கிடந்தது. அதன் கீழே மழைக் காட்சித் தாள்கள். அடுக்கைக் கையில் எடுத்து, தொழில்காரன் வழக்கப்படி, ஒவ்வொரு தாளாகச் சரியவிட்டான். பேன்ஸி கீழே பார்த்தாள், காதைத் தள்ளினாள், நிமிர்ந்தாள். ஒரு தாளின் ஓரத்தில் சின்னதாக ஆர்டித்தின் முகம், பக்கத்திலேயே அதே சாய்வில் நாயின் முகம். பருத்து, மெலிந்து, மறுபடி பருத்துப் போகிற அந்தக் கோடு மை பிடித்துப் பழகின கையின் கோடு. நெல்ஸுக்கு இந்த ஜென்மத்தில் அது வராது. மெர்லுக்கும் வராது.

"எந்திரி," என்றது வாசலில் ஒரு குரல். ஆர்டித் ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு மணி வரைக்கும் அது என் இடம்."

"நீயா வரைஞ்ச?"

"இல்ல, பேன்ஸி தன்னைத்தானே வரைஞ்சுக்கிச்சு."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம். நெல்ஸோட படத்துக்கு நான் மை போட்டிருந்தேன். யார் போட்டது, என் கோட்டைவிட நல்லா இருக்கேன்னு கேட்டுக்கிட்டு எங்க கட்டடத்துக்கே வந்துட்டான். உனக்கு வரைய வரும்னான். மத்தியானம் என் மேசை சும்மாத்தான் கிடக்கும், வந்து பாருன்னான். பாஸ்கம் சரின்னு சொன்னப்புறம் யார் வரைஞ்சதுன்னு சொல்லலாம்னு இருந்தோம். அவர் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா இந்தக் கட்டடத்துல எனக்கு ஒரு மேசை மெர்ல்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு வருஷம் முந்தி ஒரு குதிரை வரைஞ்சு உன்கிட்ட காமிச்சேன். என்ன பண்ண, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து அதன் மேலேயே சரியான குதிரையை வரைந்து காட்டினான். நன்றாகவும் வந்திருந்தது.

"அந்தச் செவப்புக் குதிரையை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வேற வச்ச. வரவங்ககிட்டல்லாம் காமிச்ச. அடியில என் குதிரை இருந்துச்சு."

"நான்... நெல்ஸையும் உன்னையும்..."

"தெரியும். சட்டையில நீலத்தைப் பாத்து உன் மூஞ்சி போன போக்கைத்தான் பாத்தேனே." ஆர்டித் ஆப்பிளை மேசையில் வைத்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா நீ சந்தேகப்பட்டாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு. வரையறது தெரிஞ்சா திருத்திடுவியேன்னுதான் பயம்."

மெர்ல் தாள் அடுக்கைச் சமமாகத் தட்டி மேசையில் வைத்தான்.

"ஒண்ணு சொல்லட்டா? நாய் இல்ல, பொம்பளன்னு சொன்ன பாரு. என் படத்தைப் பத்தி யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்ல. நான் என்னைத்தானே வரைஞ்சேன்."

சந்தேகம் தீர்ந்தது. நியாயமாக மெர்லின் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. நெல்ஸ் அவள் கையைப் பிடித்திருந்தால் நெல்ஸின் மூக்கை உடைத்திருக்கலாம். இதற்கு யார் மூக்கை உடைப்பது? பன்னிரண்டு வருடமாக அவன் வரைந்த நாய்கள் ஓடின, தாவின, குரைத்தன. ஒன்றாவது இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. இவள் மூன்று மாத மதியங்களில், ஆப்பிள் தின்றுகொண்டே வரைந்துவிட்டாள்.

இருந்தாலும் செய்த பாவத்தைக் கழுவ வேண்டும் என்ற அளவுக்கு அவன் நல்லவன்தான். இரண்டு மணிக்குப் பாஸ்கமை முற்றத்து நாயிடம் கூட்டிக்கொண்டு போனான். அதன் கன்னத்தில் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தடவினான். நாய் உட்கார்ந்து, முன்னங்கால் மணிக்கட்டால் முகத்தை நிதானமாகத் தேய்த்துக்கொண்டது. பன்னிரண்டு வருடம் நாய் வரைந்தவனுக்கு இது தெரியாதா என்ன? வியர்வை அறையில் பேசும்போதும் தெரியும்.

"அடப் பாவி," என்று பாஸ்கம் சிரித்தார். "எலும்பு மடங்குதே! காட்சியைத் திரும்பச் சேர்த்துடு. நெல்ஸுக்கு யோகம்தான்."

"நெல்ஸ் வரையல சார். ஆர்டித் வரைஞ்சா."

"எந்த ஆர்டித்? உன் பொண்டாட்டியா? மை போடற பொண்ணா?"

மெர்ல் வரச் சொல்லியிருந்தபடி ஆர்டித் தாள் அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பாஸ்கம் அதை வாங்கி இரண்டு முறை சரியவிட்டுப் பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு மெர்லின் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார்.

"கள்ளப் பயலே! வீட்டுலயே ஒரு ஆளைத் தயார் பண்ணிட்டு வாயே திறக்கலியே. நாய் எலும்பெல்லாம் அத்துப்படியா சொல்லிக் குடுத்திருக்க!"

இல்லை என்று ஒரு சொல். அதைத்தான் மெர்ல் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்டித் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏதோ நம்மால முடிஞ்சது சார்," என்றான் மெர்ல்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஆர்டித் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து உனக்கு மேசை உண்டும்மா," என்றார் பாஸ்கம். "மெர்ல் அறையிலயே போட்டுடலாம். குரு பக்கத்துலயே இருந்தா நல்லதுதானே."

"நெல்ஸ் அறையில போடுங்க சார்."

"ஏம்மா?"

"அங்கே கண்ணாடி எனக்குச் சரியா இருக்கு."

பாஸ்கம் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை நெல்ஸின் அறையில் இரண்டாவது மேசை வந்தது. மெர்லின் அறைக் கதவைத் திறந்து வைத்தால் ஆர்டித்தின் முழங்கை மட்டும் தெரியும். முழங்கை வரைக்கும் நீலம். போகிறவன் வருகிறவனெல்லாம் அவன் வாசலில் நின்று, "பொண்டாட்டிக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கடா மெர்ல்," என்றான். ஒவ்வொருவனுக்கும் அவன் தலையாட்டினான். எதிர் அறையில் நெல்ஸ் சீட்டி அடித்தான். சில சமயம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அவள் உட்கார்ந்திருந்தது அந்த அறையில்தான், அனுப்பி வைத்தவனும் அவனேதான்.

இதற்கு நடுவில் அவனுக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஆர்டித்தின் பேன்ஸிக்குப் பக்கத்தில் ஸ்மோக்கி மரக்கட்டை மாதிரி நிற்கிறான், மாற்றி வரை என்றார் பாஸ்கம். பேன்ஸியைப் பார்க்கிற ஸ்மோக்கியின் முகத்துக்காக மெர்ல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தான். காதல் முகம் போட்டான். வந்தது வயிறெரிகிறவன் முகம். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கண்ணாடியின் திருகைத் தளர்த்தி ஒரு தலையளவு கீழே இறக்கினான். ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. அவளை என்றைக்காவது கூப்பிடலாம், வந்தால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். அவள் வரவில்லை. தன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் குனிய வேண்டியிருந்தது. வாரம் முழுக்கக் குனிந்தே வரைந்தான்.

வியர்வை அறையில் மழைக் காட்சி மறுபடி ஓடியது. ஸ்மோக்கி கம்பளியைத் தள்ளிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கீழேயிருந்து பேன்ஸியைப் பார்த்தான். "இப்பத்தான்யா நாய்!" என்று பாஸ்கம் தொடையில் தட்டினார். முன்வரிசையில் ஆர்டித் நெல்ஸின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். நெல்ஸ் தலையாட்டினான். மெர்லுக்குக் கேட்கவில்லை. மிச்ச நேரம் திரையில் என்ன ஓடியது என்றே அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, அவன் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான். நாலு தட்டு வரைக்கும் பொறுத்துப் பார்த்தான்.

"நெல்ஸ்கிட்ட என்ன சொன்ன?"

"தலையைக் குனிஞ்சா அவன் நல்லா இருக்கான்னு சொன்னேன்."

"யாரு?"

"ஸ்மோக்கி."

கை நிறைய சோப்பு நுரை. முடி முன்னால் விழுந்தது. ஆர்டித் கீழே பார்த்தபடி மணிக்கட்டால் அதைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். மெர்ல் துடைத்த தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.